ஏழாவது குண்டானில் கிடைத்த வாசனை

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு அடுக்களையில், ஹாப்ஸ் போட்டுக் காய்ச்சும் கேழ்வரகுப் பானத்தின் ஏழாவது குண்டான் சரியாக வந்தது. முதல் வாயில் கேழ்வரகின் இனிப்பு. அதன் பின்னாலேயே நாக்கின் ஓரங்களில் சுத்தமான கசப்பு. டம்ளரை மூக்கருகே கொண்டுபோனால் பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளியது போன்ற வாசனை. இந்த மூன்றும் ஒரே டம்ளரில் வந்து சேர மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஆகிவிட்டது. தவறு எங்கெங்கே நடந்தது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது பீர் அல்ல. வீட்டில் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் குற்றம். பீர் காய்ச்சுபவர்கள் ஈஸ்ட் சேர்க்கும் கட்டத்துக்கு முன்பு வரை என்ன செய்வார்களோ, அது மட்டும்தான் இங்கே உண்டு. தானியத்தை முளைகட்டி, சாறு எடுத்து, பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் என்ற பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, குளிரவைத்து, சோடா கலந்து குடிப்பது. எங்கள் மாவட்டத்தில் ‘ஊறல்’ என்றாலே மலையடிவாரத்தில் போலீஸ் உடைத்துக் கொட்டுகிற சாராயப் பானைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதனால் அந்தச் சொல்லையே வீட்டில் நாங்கள் பயன்படுத்துவதில்லை. இதன் பெயர் மால்ட் சாறு.

நான் 5 ஆண்டுகள் பெங்களூரில், சொந்தமாக பீர் காய்ச்சும் உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தேன். காய்ச்சும் நாளன்று ஹாப்ஸ் பையைப் பிரிக்கும்போது எழும் வாசனை சமையலறை வரைக்கும் வரும். வேலையை விட்டு வேலூருக்குத் திரும்பிய பிறகு என்னை விடாமல் பிடித்திருந்தது அந்த வாசனை ஒன்றுதான். குடிப்பழக்கம் எனக்கு இல்லை. வாசனை மட்டும் வேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூ. சிறு கூம்பு வடிவில் இருக்கும். இதழ்களுக்கு அடியில் மஞ்சள் தூளாக ஒட்டியிருப்பதில்தான் கசப்பு, வாசனை இரண்டும் அடங்கியிருக்கின்றன. நம் நாட்டில் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விளைகிறது. குளிர்கால உறக்கமும் கோடையில் நீண்ட பகலும் கேட்கிற கொடி அது. மாடியில் தொட்டி வைத்து வளர்க்கும் ஆசை எனக்கும் இருந்தது, வேலூர் வெயிலை நினைத்து விட்டுவிட்டேன். இணையத்தில் வாங்கினால் பூவாக வராது. அரைத்து அழுத்தி, மாட்டுத் தீவனக் குச்சியைப் பொடியாக உடைத்தது போலப் பச்சையாக வரும். 100 கிராம் பாக்கெட்டுகள் மூன்று வாங்கினேன். ஜெர்மனியின் மேக்னம் 700 ரூபாய், செக் நாட்டின் சாஸ் 900, அமெரிக்காவின் கேஸ்கேட் 800. மேக்னம் பாக்கெட்டில் ‘கசப்புக்கு’ என்று போட்டிருந்தது. சாஸில் ‘வாசனைக்கு’ என்றிருந்தது. கேஸ்கேட் இரண்டுக்கும் ஆகும் என்று எழுதியிருந்தது. என் தவறுகளில் முதலிரண்டும் இந்த வார்த்தைகளை அப்படியே நம்பியதால் வந்தவை.

கேழ்வரகு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது நம் வீடுகளில் தெரிந்த வேலைதான். 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி 2 நாள் முளைவிட்டு, மொட்டை மாடியில் காயவைத்து, முறத்தில் தேய்த்து வேரைப் புடைத்து, மில்லில் குருணையாக உடைத்துக்கொள்கிறேன். சத்துமாவுக்குப் போல வறுக்கக் கூடாது. வறுத்தால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் சக்தி போய்விடும். 250 கிராம் சாதாரண கேழ்வரகு மாவைக் கூழாகக் காய்ச்சி, தண்ணீர் சேர்த்து 65 டிகிரிக்கு ஆறவிட்டு, அதில் 1 கிலோ முளைமாவைக் கலக்கி, போர்வை சுற்றி ஒன்றேகால் மணி நேரம் வைக்கிறேன். மொத்தத் தண்ணீர் ஆறரை லிட்டர். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டுச் சாறு விட்டு அதன்மேல் ஒரு சொட்டு டிங்ச்சர் அயோடின் விட்டால், மாவு மிச்சமிருந்தால் கருநீலமாகும். பழுப்பு மஞ்சளாகவே நின்றால் வேலை முடிந்தது என்று பொருள்.

வடிகட்டுவதுதான் பாடு. பார்லிக்கு உமி உண்டு, அதுவே வடிகட்டியாக நின்றுவிடும். கேழ்வரகுக்கு அந்த வசதி இல்லை. சேறு போலப் படிந்து துணியை அடைத்துக்கொள்ளும். பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பிழியாமல் பொறுமையாகச் சொட்டவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் 5 லிட்டர் கிடைக்கிறது. பிழிந்தால் மாவு இறங்கிக் கலங்கிவிடும். ஒரு மணி நேரம் கொதித்து 4 லிட்டராகச் சுண்டியபின், சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.040 காட்டும். இது கெட்டிச் சாறு. சரிபாதி சோடா கலந்துதான் குடிக்க வேண்டும்.

இனி ஹாப்ஸ்.

கசப்பு எங்கள் வீட்டில் யாருக்கும் அவ்வளவாக ஆகாது, எனக்கு வேண்டியதும் வாசனைதான். ஆகவே முதல் குண்டானில் வாசனைக்கானது என்று எழுதியிருந்த சாஸை மட்டும் 15 கிராம் போட்டேன். கஷாயம் வைத்துப் பழகிய கை, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். வீடே மணத்தது. பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன தம்பி காய்ச்சுகிறாய்?” என்று கேட்டார். ஆறவைத்து, சோடா கலந்து, அம்மாவிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “வாசனையெல்லாம் வீட்டில் இருக்கிறது. டம்ளரில் ஒன்றும் இல்லையேடா” என்றார். உண்மைதான். மந்தமான ஒரு கசப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த வாசனை எண்ணெய்கள் முழுவதும் ஆவியோடு ஏறி வெளியே போயிருந்தன.

இரண்டாவதில் நேர்மாறாகச் செய்தேன். கசப்புக்கு மேக்னம் என்றால் கொஞ்சமே போதும், எப்போது போட்டாலும் கசக்கும் என்று நினைத்து, சாறு 60 டிகிரிக்கு ஆறிய பிறகு 4 கிராம் போட்டு அரை மணி நேரம் வைத்து வடித்தேன். கசப்பே இல்லை. வெல்லப்பாகு போல இனித்தது. ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலம் கொதியில் உருமாறினால்தான் சாற்றில் கரைந்து கசக்கும். ஆறிய சாற்றில் அது பெரும்பாலும் அடியில் வண்டலாக உட்கார்ந்துவிடும்.

அன்று இரவு ரசம் ஊற்றிச் சாப்பிடும்போதுதான் விஷயம் பிடிபட்டது. மிளகைக் கொதிக்கும் ரசத்தில் போடுகிறோம், காரம் இறங்க வேண்டும் என்று. கொத்தமல்லித் தழையை இறக்கிய பிறகுதான் கிள்ளிப் போடுகிறோம். தழையை அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் அது கீரைத் தண்ணீர். எந்த ஹாப்ஸாக இருந்தாலும் நெடுநேரம் கொதித்தால் கசப்பைத் தரும், இறக்கிய பின் போட்டால் வாசனையைத் தரும். பாக்கெட்டில் இருக்கும் பெயர் சொல்வது, எந்த வேலைக்கு எது சிக்கனம், எதன் வாசனை நன்றாக இருக்கும் என்பதை மட்டும்.

சிக்கனம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டரில் உருமாறிய ஆல்ஃபா அமிலம் 1 மில்லிகிராம் இருந்தால் அதைக் கசப்பின் ஓர் அலகு என்கிறார்கள். கெட்டிச் சாற்றில் 30 அலகு வைத்தால் சோடா கலந்தபின் 15 நிற்கும். என் 4 லிட்டருக்கு 120 மில்லிகிராம் வேண்டும். 1.040 சாற்றில் ஒரு மணி நேரக் கொதியில் ஏறக்குறைய கால் பங்குதான் உருமாறும். ஆக, போட வேண்டியது 480 மில்லிகிராம். மேக்னம் பாக்கெட்டில் ஆல்ஃபா 13 சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது, எனவே 3.7 கிராம் போதும், 26 ரூபாய். சாஸில் 3.5 சதவீதம்தான், 13.7 கிராம் வேண்டும், 123 ரூபாய். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், அத்தனை இலைத்தூள் சாற்றைக் குடித்துக்கொண்டு அடியில் சகதியாக நிற்பது அதைவிடப் பெரிய நஷ்டம். கசப்புக்கு மேக்னம் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அதில் இன்றுவரை மாற்றம் இல்லை.

மூன்றாவது குண்டானில் திட்டம் சரி, தண்ணீர் தவறு. முதலிரண்டுக்கும் கேன் தண்ணீர் ஊற்றியிருந்தேன். அன்று கேன் வரவில்லை என்று போர்வெல் தண்ணீரைப் பிடித்துவிட்டேன். குடித்தால் தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்காத கசப்பு, கூடவே வாழைக்காய்த் தோலைக் கடித்தது போன்ற துவர்ப்பு. சமையலறைத் தராசு 1 கிராம் வித்தியாசத்தைச் சரியாகக் காட்டாது என்பதால், அளவு கூடிவிட்டதோ என்ற சந்தேகமும் இருந்தது. இரண்டு சொம்பு எடுத்தேன். ஒன்றில் போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர், இரண்டிலும் அரை லிட்டர். நகைக்கடையில் வைப்பது போன்ற சிறு தராசை 380 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன், அதில் அரை கிராம் மேக்னம் நிறுத்து ஒவ்வொன்றிலும் போட்டு 15 நிமிடம் கொதிக்கவைத்தேன். பார்க்கும்போதே தெரிந்துவிட்டது. போர்வெல் சொம்பில் தண்ணீர் பழுப்பேறியிருந்தது. கேன் தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருந்தது. குடித்துப் பார்க்கவே தேவைப்படவில்லை, இருந்தாலும் குடித்தேன். அதே துவர்ப்பு. தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் எங்கள் போர்வெல்லில் 1,140 காட்டுகிறது. பருப்பு வேக அடம்பிடிக்கும் தண்ணீர் அது. காரத்தன்மை மிகுந்த நீர் இலையிலிருந்து துவர்ப்பையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. இப்போது கேன் தண்ணீர்தான். கொதிக்கத் தொடங்கும்முன், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாளில் பார்த்து, 5.5க்கு மேல் இருந்தால் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுகிறேன்.

நான்காவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஆனால் மனம் நொந்த நாள் அது. பிரித்த சாஸ் பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு அடுக்களை அலமாரியில் வைத்திருந்தேன். மே மாதம், வெளியே 41 டிகிரி. மூன்று வாரம் கழித்துப் பிரித்தால் பழைய பாலாடைக்கட்டி நாற்றம், நனைந்த காலுறை நாற்றம். ‘கொதித்தால் போய்விடும்’ என்று நினைத்துப் போட்டேன். போகவில்லை. 4 லிட்டரும் சாக்கடைக்குப் போனது. 70 கிராம் சாஸும் குப்பைக்குப் போனது. ஹாப்ஸுக்கு வெப்பமும் காற்றும் ஆகாது. இப்போது பிரித்ததும் 10 கிராம் பொட்டலங்களாகக் கட்டி, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கிறேன். வேலூரில் ஹாப்ஸ் வாங்குகிறவர் முதலில் ஃப்ரீசரில் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

ஐந்தாவதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. மேக்னம் 3.7 கிராம், ஒரு மணி நேரம், கேன் தண்ணீர், எல்லாம் சரி. அடுப்பை அணைத்த கையோடு வாசனைக்குக் கேஸ்கேட் 10 கிராம் போட்டு மூடிவைத்தேன். படித்ததெல்லாம் அப்படித்தான் சொன்னது, அணைத்த பிறகு போடு என்று. அதை எழுதியவர்கள் குளிர் நாட்டுக்காரர்கள். அவர்கள் குழாயைத் திறந்தால் சில்லென்ற தண்ணீர் வரும், குண்டானை அதில் வைத்தால் மளமளவென்று ஆறும். எங்கள் மேல்தொட்டித் தண்ணீர் மே மாதம் மதியம் 38 டிகிரி. அடுக்களை 39. ஒன்றரை மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து வெப்பமானியை விட்டால் இன்னும் 62 காட்டியது. அத்தனை நேரமும் கேஸ்கேட் சூட்டிலேயே கிடந்திருக்கிறது. வாசனையில் பாதி மூடியில் வியர்வையாகக் கோத்து நின்றது, அதைத் தொட்டு முகர்ந்தபோது பம்ப்ளிமாஸ் மணம். எனக்கு வேண்டியது மூடியில் இருந்தது, சாற்றில் இல்லை. போதாததற்கு, அந்தச் சூட்டில் கேஸ்கேட்டின் ஆல்ஃபா அமிலமும் உருமாறிக் கசப்பைக் கூட்டிவிட்டது. 30 என்று கணக்குப் போட்டது 50ஐத் தொட்டிருக்கும். அடுப்பை அணைப்பதும் ஆறவைப்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரிய ஐந்து குண்டான் ஆயிற்று.

அடுத்த முறை மீன் மார்க்கெட் பக்கத்து ஐஸ் கடையில் 50 ரூபாய்க்கு 5 கிலோ கட்டி வாங்கி, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். உலக்கையால் உடைத்து, குளிக்கிற டப்பில் தண்ணீரோடு கொட்டி, குண்டானை அதில் இறக்கி, நீளக் கரண்டியால் சுற்றிக்கொண்டே இருந்தேன். 98, 90, 83... ஆறு நிமிடத்தில் 75. உடனே வெளியே எடுத்து, அப்போதுதான் வாசனை ஹாப்ஸைப் போட்டு, மூடி, 20 நிமிடம் வைத்தேன். 75 டிகிரியில் எண்ணெய் சாற்றில் இறங்குகிறது, கசப்பு அதிகம் கூடுவதில்லை. பிறகு மறுபடி ஐஸ் டப், 18 நிமிடத்தில் 25 டிகிரி. இந்த ஆறாவது குண்டானில் கசப்புக்கும் கேஸ்கேட்டையே 8 கிராம் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஒரே பாக்கெட் வைத்திருப்பவர் இப்படியே செய்யலாம். ஆனால் கசப்புக்கு மட்டும் 64 ரூபாய் ஆகிவிடுகிறது, வண்டலும் இரட்டிப்பு.

அந்த ஆறாவதில் ஒரு பாட்டிலை இரவு மேசைமேல் மறந்துவிட்டோம். மறுநாள் மாலை மூடியைத் திருகும்போதே புஸ்ஸென்று நுரை பொங்கியது. காற்றிலிருக்கும் ஈஸ்ட்டுக்கு இந்தச் சாறு விருந்து. முகர்ந்துகூடப் பார்க்காமல் கொட்டிவிட்டேன். வெந்நீரில் கழுவிய பாட்டில், ஆறியவுடன் ஃப்ரிட்ஜ், 3 நாளுக்குள் காலி. இதில் தளர்வே கூடாது.

ஏழாவதில் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தேன். கொதி வந்ததும் நுரை எழும்பி விளிம்பைத் தொடும், அது அடங்கும்வரை மேக்னத்தைப் போடக் கூடாது, போட்டால் பொங்கி அடுப்பெல்லாம் வழியும். குண்டானின் குறுக்கே மரக்கரண்டியை வைத்து, நுரை உடைந்த பின் 3.7 கிராமைப் போட்டேன். மூடாமல் 60 நிமிடம். ஐஸ் டப்பில் 75க்கு இறக்கி, சாற்றை இரண்டு பாத்திரமாகப் பிரித்தேன். ஒன்றில் கேஸ்கேட் 5 கிராம், மற்றதில் புதிதாக வாங்கிய சாஸ் 5 கிராம். இரண்டையும் தளர்வான மல்துணி முடிச்சில் கட்டிப் போட்டேன். இறுக்கிக் கட்டினால் உள்ளே இருப்பது நனையாமலே கிடக்கும்.

தெருமுனை சோடாக் கடைக்காரர் 13 பாட்டில் எதற்கு என்று கேட்டார். மறுநாள் அவருக்கும் ஒரு சொம்பு கொண்டுபோனேன். குடித்துவிட்டு, “அண்ணா, பன்னீர் சோடாவில் இனிப்பு முன்னால் வரும். இதில் கடைசியில் ஏதோ ஒன்று வாயைக் கழுவிவிடுகிறது” என்றார். அந்தக் கடைசியில் வருவதுதான் 3.7 கிராம் மேக்னம்.

வாசனையில் என் வாக்கு கேஸ்கேட்டுக்கு. கேழ்வரகுக்கு மண் வாசம் உண்டு, சாஸின் மெல்லிய மூலிகை மணம் அதற்குக் கீழே அமுங்கிவிடுகிறது. கேஸ்கேட்டின் பம்ப்ளிமாஸ் மணம் மேலே நிற்கிறது. அம்மாவுக்கு சாஸ்தான் பிடித்தது, “துளசித் தண்ணீர் மாதிரி அடக்கமாக இருக்கிறது” என்றார். கேழ்வரகு 70, ஹாப்ஸ் மூன்றும் சேர்த்து 111, தண்ணீர் 12, ஐஸ் 50, கேஸ் உத்தேசமாக 35, சோடா 130. மொத்தம் 408 ரூபாய்க்கு 8 லிட்டர், அதாவது 32 டம்ளர். ஒரு டம்ளர் 13 ரூபாய்க்குள் அடங்குகிறது. தூக்கிக் கொட்டிய குண்டான்களை இதில் சேர்க்கவில்லை.

அடுத்த முறை இரண்டு மாற்றம் செய்யப்போகிறேன். வடித்த சாற்றைக் கொதிக்கவைக்கும்முன் அரை மணி நேரம் தெளியவிட்டு மேலாக இறுத்துக்கொள்வேன், இந்த முறையும் டம்ளரின் அடியில் மாவு படிந்தது. சாஸை 75இல் போடாமல் 65இல் 8 கிராமாகக் கூட்டிப் பார்ப்பேன், அம்மாவின் பாட்டிலில் வாசனை இன்னும் கொஞ்சம் எழும்ப வேண்டும். கேழ்வரகு நேற்று இரவே ஊறப் போட்டாயிற்று. ஞாயிறு காலை 10 மணிக்குப் பாதிக் கட்டி எடுத்துவைக்கும்படி ஐஸ் கடையில் சொல்லியிருக்கிறேன்.